ஆட்டின் வயிற்றைத் தாண்டி இறைச்சிக்கு வருவது எது?

ஆட்டுக்கறிக் குழம்பு ஆறியதும் அதன் மேல் வெண்ணிறக் கொழுப்பு உறைந்து நிற்பதையும், கோழிக் குழம்பில் அது எண்ணெயாகவே மிதப்பதையும் சமைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆடு மேயும் பசும்புல்லில் உள்ள கொழுப்பமிலங்களில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி செல்சியஸ் வரை அது உறையாது. ஆனால் அந்தப் புல்லைத் தின்று வளர்ந்த ஆட்டின் கொழுப்பில் மிகுந்திருக்கும் ஸ்டியரிக் அமிலம் உருகுவதற்கு ஏறத்தாழ 69 டிகிரி வேண்டும். பன்றிக்கும் கோழிக்கும் எண்ணெய் சேர்த்துத் தீவனம் கொடுத்தால் அவற்றின் கொழுப்பு அந்த எண்ணெயின் குணத்தையே பெருமளவு ஏற்றுக்கொள்கிறது. அசைபோடும் கால்நடைகளில் அப்படி நடப்பதில்லை.

காரணம், ரூமன் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பெருவயிறுதான். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு, லினோலெனிக் அமிலம் போன்று எளிதில் உறையாத நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் நஞ்சு. அவற்றின் உயிரணுச் சவ்வையே அவை குலைத்துவிடும். எனவே பியூட்டிரிவிப்ரியோ போன்ற இனங்கள் அந்த அமிலங்களோடு ஹைட்ரஜனைச் சேர்த்துப் படிப்படியாக, எளிதில் உறையும் நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, லினோலெயிக் என்னும் இன்னொரு நிறைவுறா அமிலம் முதலில் ருமெனிக் அமிலமாகவும், பிறகு வாக்செனிக் அமிலமாகவும், கடைசியில் ஸ்டியரிக் அமிலமாகவும் ஆகிறது. ஆட்டின் இறைச்சித் தரத்தைப் பற்றிப் பேசும்போது, ஆடு என்ன தின்றது என்பதை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். இந்த நுண்ணுயிரிகள் எதை விட்டுவைத்தன என்பது மற்றப் பாதி.

இந்தத் தடையைக் கடந்தே தீருவது என்று முயன்றவர்கள் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள். குக், ஸ்காட், பெர்குசன், மெக்டொனால்டு ஆகிய நால்வரும் 1970இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முறை எளிமையானது. எண்ணெய்த் துளிகளைப் பால் புரதமான கேசீனில் பொதிந்து, அந்தப் புரதத்தை ஃபார்மால்டிஹைடால் இறுக்கிவிட்டால், அமிலத்தன்மை குறைந்த பெருவயிற்றில் உறை கரையாது. புளிப்பு மிகுந்த நான்காம் வயிற்றை அடைந்ததும் கரைந்து எண்ணெயை விடுவித்துவிடும். வழக்கமாகச் சில சதவீதமே லினோலெயிக் அமிலம் இருக்கும் ஆட்டுக் கொழுப்பில் அது பல மடங்கு உயர்ந்தது. நிறைவுற்ற கொழுப்பால் இதய நோய் வரும் என்ற அச்சம் பரவியிருந்த அந்த நாட்களில் இதற்குக் கிடைத்த வரவேற்பு இயல்பானதே.

ஆனால் சமைத்தபோது அந்தக் கறி ஆட்டுக்கறியாக மணக்கவில்லை. சுவைத்துப் பார்த்தவர்கள் இனிப்பு கலந்த எண்ணெய் வாடையைக் குறிப்பிட்டார்கள். கொழுப்பு மென்மையாகி, காற்றுப்பட்டு விரைவில் சிக்கு வாடையும் பிடித்தது. நிறைவுறா அமிலத்தை மட்டும் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, அதைக் காக்கும் பொருளைச் சேர்க்காவிட்டால் வேறென்ன நடக்கும்? பசும்புல் அந்தத் தவறைச் செய்வதில்லை. அது லினோலெனிக் அமிலத்தோடு வைட்டமின் ஈயையும் சேர்த்தே தருகிறது. அந்த வைட்டமின் தசையின் சவ்வுகளில் தங்கி, கொழுப்பு கெடுவதையும் கறியின் சிவப்பு நிறம் பழுப்பாக மாறுவதையும் தாமதப்படுத்துகிறது.

இதைச் சொன்னவுடன், மேய்ச்சல் ஆட்டின் கறியை ஒமேகா-3 (லினோலெனிக் அமிலம் அடங்கிய கொழுப்பமில வகை) களஞ்சியமாக விளம்பரப்படுத்துவோருக்கு நான் துணைபோவதாக எண்ண வேண்டாம். மேய்ந்த ஆட்டின் கறியில் அந்த அமிலங்கள் கூடுதலாக இருப்பது உண்மை. எனினும் மீனில் சிறப்பாகக் கருதப்படும் நீள்சங்கிலி வகை அதில் 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே தேறும். ஒரு பிடி மத்தி மீன் அதை எளிதில் வென்றுவிடும்.

எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது வாக்செனிக் அமிலத்தின் கதை. மாற்றத்தின் கடைசிப் படி தடைபட்டால் அந்த அமிலம் பெருவயிற்றில் தேங்கி, குடல் வழியே உடலில் சேர்ந்து, ஆட்டின் திசுக்களிலேயே மீண்டும், நிறைவுறா வகையான ருமெனிக் அமிலமாகிறது. அந்தப் படியைத் தடுப்பதற்கு ஃபார்மால்டிஹைடு தேவையில்லை, தாவரங்களின் துவர்ப்புப் பொருளான டானினே உதவும் என்பதை இத்தாலியின் சிசிலியில் வாஸ்தா, பிரியோலோ முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அடர்தீவனத்தில் தென்னமெரிக்கக் கெப்ராச்சோ மர டானினைச் சேர்த்து வளர்த்த ஆட்டுக்குட்டிகளின் தசையில் ருமெனிக் அமிலம் உயர்ந்திருந்தது. அளவு மிஞ்சினால் ஆடு தீனி எடுப்பதும் புரதச் செரிமானமும் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரூர், தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லையும், டானின் உள்ள வெள்வேல மரத்தின் இலை, காய்களையும் ஆடுகள் தாமாகவே கலந்து தின்கின்றன. தென்னமெரிக்க மரச்சாற்றை விலைக்கு வாங்கிக் கலப்பதைவிட, காய் உதிரும் காலத்தில் இக்காடுகளில் மேய்ந்த மேச்சேரி இனச் செம்மறி ஆடுகளையும், அதே வயதில் கொட்டிலில் அடர்தீவனம் தின்ற ஆடுகளையும் அறுத்து, முதுகுத் தசையின் உட்கொழுப்பில் வாக்செனிக், ருமெனிக் அமிலங்களையும் வைட்டமின் ஈயையும் ஒருசேர அளக்கும் ஆய்வுக்கே நான் முதலில் பணம் ஒதுக்குவேன்.