கடிபட்ட ஒரு ரூபாய்: அச்சுப் பிழையா, அரம் போட்டதா?

தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீதிச் சில்லறையோடு வந்த ஒரு ரூபாய் இது. 2011-இல் வந்த சின்ன அளவு வகை. சிங்கத்தூண் பக்கத்தில், ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்றிருக்கும் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டைக் காணோம். நடுவில் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்.

நாணயச்சாலையில் நீளமான தகட்டிலிருந்து வெற்று வில்லைகளைக் குத்தி எடுப்பார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பே குத்திய ஓட்டையின் மேல் அடுத்த குத்து ஏறி விழும். குறைபட்ட வில்லை அப்படியே அச்சுக்குப் போய்விடும். அது உண்மையானால், பிறையின் வளைவு நாணயத்தின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு ஒரு ரூபாயை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால் பொறுமையாக அரம் போடுகிறவனுக்கு இது பெரிய காரியமில்லை.

அடுத்தது எடை. சௌகார்பேட்டையில் தெரிந்த நகைப்பட்டறைக்கு எடுத்துப்போனேன். “இன்னாபா, எலி கடிச்சா மாதிரி கீது?” என்று சிரித்துக்கொண்டே அண்ணன் தராசில் வைத்தார். 3.56 கிராம். இந்த வகைக்கு முறையான எடை 3.79 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எவ்வளவு பரப்பு போயிருக்கும் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6 சதவீதம் வருகிறது, அதாவது 0.22 கிராம். கணக்கு இடிக்கவில்லை. காந்தத்திலும் ஒட்டியது, இந்தக் காசில் உள்ள வகைத் துருப்பிடிக்காத எஃகு ஒட்டத்தான் செய்யும். பலரும் இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டு ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். வெட்டி எடுத்தாலும் எடை குறையும், காந்தமும் ஒட்டும். போலி உலோகமில்லை என்பதைத் தவிர இவை எதையும் சொல்லவில்லை.

விஷயம் எதிர்ப்பக்க விளிம்பில் இருக்கிறது. அச்சடிப்பதற்கு முன் வில்லையை உருட்டி நெருக்கி விளிம்பை மேலே எழுப்புவார்கள். ஒரு பக்கம் குறையிருந்தால், நேர் எதிரே அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அங்கே விளிம்பு மெலிந்தோ மழுங்கியோ போகும். இதை ப்ளேக்ஸ்லி விளைவு என்பார்கள். என் காசில், இந்தியில் ‘பாரத்’ என்று இருக்கும் பக்கத்தில் விளிம்பு தேய்ந்தது போலப் படிந்திருக்கிறது. திருப்பினால் பின்பக்கத்திலும் அதே இடத்தில் அப்படித்தான். மற்ற இடங்களில் விளிம்பு நன்றாக எழும்பி நிற்பதால், இதைப் புழக்கத் தேய்மானம் என்று தள்ளிவிட முடியாது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெட்டுக்காசு வேண்டுமே? புழக்கத்தில் உள்ள நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி தவறு. 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போன 25 பைசா வீட்டில் கிடந்தது, அதுவும் எஃகுதான். அரைவட்ட அரத்தால் அதில் ஒரு பிறையை ராவினேன். எஃகு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, கை வலி கண்டது. பத்து மடங்கு லென்ஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ராவிய ஓரத்தில் இணைகோடுகள், முனையில் பிசிறு. டிசைன் முழு உயரத்தோடு வந்து சடாரென்று அறுபடுகிறது. எதிர்ப்பக்க விளிம்போ குறையில்லாமல் நிற்கிறது. ஒரு ரூபாயில் குறையை நெருங்க நெருங்க எழுத்துகள் அந்தப் பக்கம் இழுபட்டு மங்குகின்றன. அடி விழும்போது காலி இடத்தை நோக்கி உலோகம் ஓடியதன் தடம் அது. ஓரத்தில் அரக்கோடு ஒன்றுகூட இல்லை. என் முடிவு: அச்சடிப்பதற்கு முன்பே குறைபட்ட வில்லை.

பூக்கடைப் பக்கம் நடைபாதையில் ஒருவர் காட்டிய காசு வேறு வகை. பின்பக்கத்தில் சிங்கத்தூண் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்திருந்தது. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் அப்படி வரும்தான். ஆனால் அப்போது அந்தப் பக்கத்துக்குரிய டிசைன் அங்கே விழுந்திருக்கவே கூடாது. அவர் காசில் ‘1’ அடியில் நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் (வைஸ்) வைத்து நெருக்கிய வேலை. நான் பேரம் பேசவில்லை.

அடுத்து, பின்பக்கம் சாய்ந்திருக்கும் ஒரு 2 ரூபாய். நம் நாணயங்களைப் பக்கவாட்டில் புரட்டினால் இரு பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இதில் சாய்வு எத்தனை டிகிரி என்று கோணமானி வைத்து அளக்கப்போகிறேன். ஒரே உலோகக் காசில் இதைக் கையால் திருக முடியாது என்பதால், இது சுலபமாகவே முடியும்.