உங்க பையனா இருந்தா

நான் சொன்னது "ஸ்கூல் மாத்திடுவேன்"னா இல்ல "மாத்துறதைப் பத்தி யோசிப்பேன்"னான்னு இப்ப எனக்கே சரியா ஞாபகம் இல்ல. மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறப்பல்லாம் வார்த்தை மாறுது. என் மேல எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்குற நாள்ல "யோசிப்பேன்"னு கேக்குது, தூக்கம் வராத ராத்திரில "மாத்திடுவேன்".

மார்ச் முதல் வாரம். ஐ.ஈ.பி மீட்டிங், அதாவது ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருக்குற ஒரு புள்ளைக்கு என்னென்ன உதவின்னு எழுதி வைக்கிற திட்டத்தைப் பத்திப் பேசுறது. ஹெய்ட்டியன் கிரியோல் மொழிபெயர்ப்பாளர் ஸ்பீக்கர் போன்ல, இந்தப் பக்கம் நாங்க நாலு பேர், அந்தப் பக்கம் என் கிளாஸ் பையன் ஒருத்தனோட அம்மா மட்டும். ஆரம்பத்துலயே, அடுத்த வருஷம் சின்னவளும் இங்க ஆறாவது வருவா இல்லன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, நானும் கண்டிப்பான்னு சொன்னேன். அப்புறம் முக்கால் மணி நேரம் கோல், சர்வீஸ், நிமிஷக் கணக்குன்னு படிச்சோம், அவங்க தலையாட்டிட்டே இருந்தாங்க. வெளிய வந்து காரிடார்ல கோட் மாட்டிக்கிட்டே, போன்ல ஆள் இல்லாம, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டாங்க: "டீச்சர், உங்க பையனா இருந்தா?"

வாக்கியத்தை முடிக்கக்கூட இல்ல.

எங்கப்பாவுக்கு பைபாஸ் பண்ணலாமா வேணாமான்னு குழம்பினப்ப எங்கம்மா டாக்டர்கிட்ட இதே மாதிரிதான் கேட்டாங்க, உங்கப்பாவா இருந்தா என்ன சார் பண்ணுவீங்கன்னு. அந்தக் கேள்விக்கு மேல ஒரு மனுஷன் ரூல் பேசிட்டு நழுவக்கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு எண்ணம் இருக்கு இல்லயா. அதனாலதான் பதில் சொல்லிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். அந்தம்மாவும் நானும் ரெண்டு பேருமே சொந்தம் இல்லாத பாஷைல பேசிட்டு இருந்தோம், அதுவும் ஒரு காரணம்.

விஷயம் என்னன்னா, எங்களோடது சார்ட்டர் ஸ்கூல், அரசுப் பணத்துல தனிக் குழு நடத்துறது, சீட் லாட்டரில. இங்க எல்லாப் பசங்களும் ஒரே கிளாஸ்லதான், தனி ரூம் கிடையாது, யாரையும் ஒதுக்க மாட்டோம்ங்கறதுதான் எங்க பெருமையே. ஆனா எட்டாவது மேத்ஸ்ல 27 பேர், ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர் வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான் என் கிளாஸுக்கு வர முடியும். அந்தப் பையனுக்கு சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கிட்டு டேபிளுக்கு அடியில போயிடுவான், சில நாள் நாற்காலி பறக்கும். பாஸ்டன் டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்கள்ல, அதாவது ஊரோட வழக்கமான அரசுப் பள்ளிக்கூடங்கள்ல, இந்த மாதிரி பசங்களுக்கு சின்ன கிளாஸ் இருக்கு, கொஞ்சம் பேருதான், கூடவே உதவிக்கு ஆள். அது உண்மை. அந்த உண்மையைத்தான் சொன்னேன்.

மக்கு இல்ல அவன். காரிடார்ல அந்த போஸ்டர் இருக்கும், மூணு பசங்க வேலிக்கு அந்தப் பக்கம் மேட்ச் பாக்குறது, நெட்டைப் பையனுக்குப் பெட்டி இல்ல, குட்டைப் பையனுக்கு ஏறி நிக்க ரெண்டு பெட்டி. ஈக்விட்டின்னா, அதாவது அவங்கவங்க தேவைக்கேத்த நியாயம்னா, என்னன்னு அதைக் காட்டித்தான் எல்லாரும் கிளாஸ் எடுப்போம். "மிஸ், மூணு பேரும் ஏன் டிக்கெட் எடுக்கல?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல.

சார்ட்டர் ஸ்கூல் மேல இருக்குற பழைய குற்றச்சாட்டே இதுதான், கஷ்டமான பசங்களை சத்தம் இல்லாம வெளிய தள்ளிட்டு மார்க் காட்டுறாங்கன்னு. 2016ல மாசசூசெட்ஸ்ல சார்ட்டர் ஸ்கூல்களை இன்னும் கூட்டலாமான்னு ஓட்டுக்கு விட்டாங்க, 100க்கு 62 பேர் வேணாம்னுட்டாங்க. நான் அப்ப எச்-4ங்கற டிபென்டன்ட் விசால வீட்ல இருந்தேன், ஓட்டும் கிடையாது, கருத்தும் கிடையாது. அப்புறம் எம்டெல்ங்கற டீச்சர் லைசென்ஸ் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்ததுல இருந்து, தமிழ்க் குடும்பங்க கூடுற பாட்லக்ல யாராவது அந்தக் குற்றச்சாட்டை எடுத்தா, தட்டைக் கீழ வெச்சுட்டு சண்டை போடுற ஆளு நான். எங்க ஸ்கூல் அப்படி இல்லன்னு.

அந்தம்மா அஞ்சாவது நாள் டிசி வாங்கிட்டாங்க. ஃபார்ம்ல காரணம்னு இருக்குற இடத்துல, டீச்சர் சொன்னாங்கன்னு எழுதியிருந்தாங்களாம். டீன் கூப்பிட்டு, நீங்க சொன்னீங்களான்னு கேட்டாங்க. அந்தம்மா கேட்டாங்க, நான் பதில் சொன்னேன்னேன். இனிமே இதெல்லாம் மீட்டிங்குக்குள்ள, எல்லாரும் இருக்கும்போது மட்டும் பேசுங்கன்னாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலையே. அவங்க முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது, இல்ல என் முகத்துல இருந்ததை நான் அங்க பாத்தேனோ என்னவோ.

ஏன்னா நிம்மதி இருந்துது, மறைக்கறதுக்கு இல்ல. மறுநாள் கிளாஸ் அமைதியா இருந்துது. பைத்தகோரஸ் தேற்றத்தை மூணே நாள்ல முடிச்சோம், வருஷம் பூரா அவ்வளவு ஒழுங்கா ஒரு பாடமும் போகல. மே மாசம் எம்காஸ், இந்த மாநிலத்தோட பொதுப் பரீட்சை. இங்க ஒரு சட்டம் இருக்கு, நடுவுல யாராவது போனா வெயிட்லிஸ்ட்ல அடுத்து இருக்கிற புள்ளைய எடுத்தாகணும், ஆனா பிப்ரவரி 15 தாண்டிட்டா அடுத்த செப்டம்பர் வரைக்கும் அந்த சீட் காலியாவே இருக்கலாம். இதே கேள்வியை அந்தம்மா நவம்பர்ல கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? அதையேதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். நவம்பர்ல கிளாஸ் இவ்வளவு மோசம் இல்லதான், அதனால... தெரியல. அந்தத் தேதி எனக்கு மனப்பாடமா தெரியும்ங்கறதுதான் உறுத்துது, ஒரு மேத்ஸ் டீச்சருக்கு அது எதுக்கு?

அவனுக்கு அங்க நல்லா இருக்கும்னு நம்பித்தான் சொன்னேன். நல்லா இருக்கானான்னு விசாரிக்கல. போன் நம்பர் இருக்கு.

ஏப்ரல்ல ஆபீஸ்ல வேலை செய்யறவங்க சொன்னாங்க, அந்தம்மா சின்னவளோட லாட்டரி ரிசல்ட் கேட்டு வந்தாங்கன்னு. மகனுக்கு வேணாம்னு நிறுத்தின ஸ்கூலுக்கு மகளை அனுப்ப இன்னும் ஆசைப்படறாங்க. அண்ணனோ அக்காவோ இங்க படிச்சிட்டு இருந்தா கூடப்பிறந்தவங்களுக்கு முன்னுரிமை, சீட் அநேகமா உறுதி. லாட்டரி நடந்தது அவன் போன அடுத்த வாரம். அந்த ரூலும் எனக்குத் தெரியும், காரிடார்ல ஞாபகம் வரல, அந்த அஞ்சு நாள்ல ஒரு நாள்கூட ஞாபகம் வரல.

வெயிட்லிஸ்ட்ல 41ஆவது இடமாம் பொண்ணு. என்னை விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்களாம்.