செவலைக்கு ஒரு வேலை: தஞ்சை கலைக்கூடத்தில் ஒரு நாள்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனின் வெண்கலச் சிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ரிஷபம் இல்லை. சிவன் ஒரு காலைக் குறுக்கே மாற்றி வைத்து ஒயிலாக நிற்கிறார். பாம்புகளோடு சேர்த்துச் சுற்றிய சடை, தலைப்பாகை கட்டியதுபோல் இருக்கும். ஒரு கை மட்டும் எதன் மேலோ சாய்த்தபடி அந்தரத்தில் மடங்கி நிற்கும். ராஜராஜன் காலத்தில் 1011இல் வார்த்த திருமேனி. அம்மன் அடுத்த வருடம், 1012இல். ஜோடி சேர்ந்துவிட்டது, மாடுதான் வரவில்லை.

அந்தக் கைக்குக் கீழே ஒரு பொம்மைக் காளையை நிறுத்திப் படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். நானும் ஏழு வயது அக்கா மகளும். சிலையைத் தொடக்கூடாது, ஒட்டி நிற்கவும் கூடாது. அதனால் பொம்மையை கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்து, தூரத்தில் இருக்கும் சிலையோடு கண்ணுக்கு ஒட்டவைக்க வேண்டும்.

காளை எங்கள் வீட்டுத் தயாரிப்பு. அக்காவின் பழைய பழுப்பு வெல்வெட் ரவிக்கைத் துணி, உள்ளே இலவம் பஞ்சு, கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான். பெயர் செவலை. முதலில் தைத்தபோது கழுத்தில் பஞ்சு போதாமல் தலை தொங்கிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர்ப் பொம்மை என்றால் தலையாட்டத்தானே வேண்டும் என்று அக்கா சிரித்தாள். கழுத்தைப் பிரித்து இறுக்கித் திணித்தேன். கொம்புக்குள் விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிய பிறகுதான் மாடு மாதிரி ஆனது.

அப்புறம் கணக்கு. சிலை சுமார் ஒரு மீட்டர் உயரம். கை அதன்மேல் படிய வேண்டுமென்றால் காளை 70 செ.மீ.யாவது தெரிய வேண்டும். செவலையோ 18 செ.மீ. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆக, சிலை கேமராவிலிருந்து 2 மீட்டர் என்றால் செவலை அரை மீட்டருக்குச் சற்று மேல். வீட்டில் குத்துவிளக்கைச் சிவனாக நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். அளவு பொருந்தியது, ஆனால் மாடு தெளிவானால் விளக்கு மங்கியது, திரையில் விளக்கைத் தொட்டால் மாடு கரைந்தது. கைபேசியின் அகலக்கோண லென்ஸுக்கு மாறியதும் இரண்டும் ஓரளவு தெளிவாக வந்தன. படத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கலைக்கூடத்தில் படம் எடுப்பதற்கான சீட்டு வாங்கிக்கொண்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஆரம்பித்தோம். இவள் கை நீட்டி மாட்டைப் பிடிக்க வேண்டும், அந்தக் கை படத்தில் விழக்கூடாது. வயிற்றுக்குக் கீழே பிடித்தால் விரல் ஐந்தாவது காலாகத் தெரிந்தது. பின்பக்கத் தையலைப் பிடி என்றேன், மாடு மூக்குக் குப்புறக் கவிழ்ந்தது. பதினாறாவது படத்தில் கை சரியாகக் காளையின் திமில்மேல் வந்து உட்கார்ந்தது. “மாமா, சாமி சாஞ்சுட்டாரு!” என்று அவள் கத்திய கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே திரும்பிப் பார்த்தது.

காவலுக்கு இருந்த பெரியவர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். படத்தைக் காட்டச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“மாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, சிவனோட மாடு வெள்ளைல்ல?”

தேவாரத்தில் ‘வெள்விடை’ என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். அளவு, லென்ஸ், ஈர்க்குச்சி எல்லாம் யோசித்தவனுக்கு நிறம் தோன்றவே இல்லை.

மற்ற இடங்களில் அதிகம் நிற்கவில்லை. தாராசுரத்து கஜசம்ஹாரர் முன்னால் செவலையைக் காட்டவே இவள் மறுத்துவிட்டாள், யானைத் தோலை உரிப்பதை அது பார்த்தால் பயந்துவிடுமாம். அதுவும் நியாயம்தான். அரண்மனை வளாகத்தில் உள்ள திமிங்கல எலும்புக்கூட்டோடு மட்டும் ஒரு படம் எடுத்தோம், மாடு எள்ளளவாக வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பழைய வேட்டியைக் கேட்டு வாங்கி, அதே அளவில் வெட்டி வைத்திருக்கிறேன். திமிலுக்கு இந்த முறை பஞ்சு கூடுதல். செவலையும் கூட வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள், துணைக்காம்.