லைப்ரரியே தடுக்கும்போது நான் ஏன் தடுத்தேன்?

"அதைத்தான் லைப்ரரியே தடுக்குதேக்கா, அப்புறம் என்ன?"

கோட் ரிவ்யூவில் டீமில் இருக்கும் தம்பி என்னிடம் கேட்டது இது. அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன். அது போதுமான பதில்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பைத்தானில் பைஜேடபிள்யூடி என்ற லைப்ரரியை (ஆயத்தக் கோட் தொகுப்பு) வைத்து ஜேடபிள்யூடி டோக்கனை, அதாவது வருகிறவர் யார் என்று காட்டும் கையெழுத்திட்ட டிஜிட்டல் சீட்டை, சரிபார்க்கிற கோட். பழைய டோக்கன்களின் கையெழுத்து அல்காரிதம் ஹெச்எஸ்256, அதாவது கையெழுத்துப் போடவும் சரிபார்க்கவும் ஒரே ரகசியக் கீ. புதியவை ஆர்எஸ்256, பிரைவேட் கீயால் கையெழுத்து, பப்ளிக் கீயால் சரிபார்ப்பு. கொஞ்ச நாளைக்கு இரண்டும் ஓட வேண்டும். தம்பி டோக்கனின் முன்பகுதியான ஹெடரில் உள்ள கீ ஐடியைப் (எந்தக் கீ என்று சொல்லும் அடையாளம்) பார்த்துக் கீயை எடுத்தார். எந்த அல்காரிதம் என்பதையும் அதே ஹெடரிலிருந்து எடுத்து லைப்ரரியின் சரிபார்க்கும் ஃபங்ஷனான டிகோடுக்கு அப்படியே கொடுத்துவிட்டார். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

கையெழுத்தைச் சரிபார்க்கும் முன்பே நாம் படிப்பது ஹெடர். அனுப்புகிறவர் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆர்எஸ்256 இருக்க வேண்டிய இடத்தில் ஹெச்எஸ்256 என்று மாற்றி, எல்லோருக்கும் தெரிந்த பப்ளிக் கீயையே ரகசியக் கீயாக வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்? அதே பப்ளிக் கீயை வைத்துச் சரிபார்க்கிற கோட் அந்தப் போலியை ஏற்றுக்கொண்டுவிடும். 2015-இல் பல மொழிகளின் ஜேடபிள்யூடி லைப்ரரிகளில் கீ கலப்பு என்ற இந்த ஓட்டை வெளியே வந்தது. அல்காரிதம் 'நன்' (none, எதுவுமில்லை) என்று இருந்தால் கையெழுத்தே இல்லாத டோக்கனை ஏற்றுக்கொண்டவையும் உண்டு. இதையெல்லாம் கமென்ட்டில் எழுதி, அப்ரூவ் செய்யாமல் நிறுத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொன்ன போலி டோக்கனைச் செய்ய ஆரம்பித்தார். பப்ளிக் கீயைக் கொடுத்து ஹெச்எஸ்256-இல் என்கோட் செய்ய பைஜேடபிள்யூடி ஒத்துக்கொள்ளாது. அதனால் ஹெச்எஸ்256-க்கு அடிப்படையான ஹெச்மேக் கணக்கைச் செய்யும் மாட்யூலை எடுத்து, பேஸ்64 துண்டுகளைக் கையாலேயே கோத்து, புள்ளி வைத்து ஒட்டினார். எங்கள் கோடுக்குள் அனுப்பினார். திரையில் எரர்: இது அசிமெட்ரிக் கீ (பப்ளிக்-பிரைவேட் ஜோடியில் ஒன்று), ஹெச்மேக் ரகசியமாகப் பயன்படுத்தக் கூடாது. 'நன்' போட்டுப் பார்த்தார். அதுவும் நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் பைஜேடபிள்யூடியிலேயே 2022-இல் வெளிவந்த ஓட்டையான சிவிஇ-2022-29217-ஐச் சொன்னேன் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). கீயின் எழுத்து வடிவத்தைப் பார்த்துத்தான் லைப்ரரி அந்தத் தடையைப் போடுகிறது. சில வடிவங்கள் அதற்குப் பிடிபடாமல் போயின. "அது 2.4.0-லயே சரி பண்ணிட்டாங்க. நம்மகிட்ட அதுக்கு மேலதான் இருக்கு" என்றார். உண்மைதான். ஹெடரில் இருக்கும் அல்காரிதத்தை நம்பாதே என்று அந்த லைப்ரரியின் டாக்குமென்ட்டே எச்சரிக்கிறது என்றேன். "சரிக்கா, ஆனா நம்ம கோட்ல என்ன உடையுது?" என்றார். என்னால் எதையும் உடைத்துக் காட்ட முடியவில்லை. ஆனாலும் அப்ரூவ் செய்யவில்லை. ஒவ்வொரு கீ ஐடிக்கும் கீயையும் அல்காரிதத்தையும் கோடிலேயே சேர்த்து எழுதச் சொன்னேன். ரிலீஸ் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

நான் செய்தது சரி என்றே பெரும்பாலும் தோன்றுகிறது. எந்தக் கீ எந்த அல்காரிதத்துக்கு என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீயின் தோற்றத்தைப் பார்த்து லைப்ரரி ஊகிக்கட்டும் என்று ஏன் விட வேண்டும்? ஒரு கீ ஒரே அல்காரிதத்துக்கு மட்டும்தான் என்று 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8725 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் கட்டாயமாகவே சொல்கிறது. பைஜேடபிள்யூடியும் 2.0-இலிருந்து அல்காரிதம் பட்டியல் கொடுக்காமல் கையெழுத்தைச் சரிபார்க்க விடுவதில்லை. அவர் எழுதியது அந்தப் பட்டியலை டோக்கன் அனுப்புகிறவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. வாயால் வாதாடாதே, ஓட்டிக் காட்டு என்று டீமில் எல்லோரிடமும் சொல்கிறவள் நான். அவர் ஓட்டிக் காட்டினார், நான் ஏற்கவில்லை. டோக்கன் காலாவதியானதா, நமக்கென்று கொடுத்ததுதானா என்பதையெல்லாம் அதே லைப்ரரியை நம்பித்தான் விடுகிறேன். அங்கே நம்புகிறவள் இங்கே மட்டும் ஏன் நம்பவில்லை? கீ கலப்பு என்றாலே 2015 ஞாபகம் வருவதாலா, அல்லது இளையவர் ஒருவர் சொன்னதற்கு இறங்கிவர மனம் வராததாலா? முதலாவதுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் என் கமென்ட்டுகளுக்கு அவர் உடனே "சரிக்கா" என்று போட்டு மாற்றிவிடுகிறார். புரிந்து மாற்றுகிறாரா, சலித்து மாற்றுகிறாரா என்று கேட்க வேண்டும்.

பிறகு டீமின் ரிவ்யூ செக்லிஸ்டில் 'அல்காரிதம் கோடிலேயே நிலையாக இருக்க வேண்டும்' என்று ஒரு விதி சேர்த்தேன். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். அதில் 2022 சிவிஇ எண்ணைத்தான் போட்டிருக்கிறேன், எங்களைப் பாதிக்காது என்று அவர் காட்டிய அதே எண். ஒரே வரியில் அடங்குகிற வேறு காரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.