உப்பை அளக்க ஒரு நாள் சிறுநீர்

ஒரு ஊரே எவ்வளவு உப்பு சாப்பிடுகிறது என்று வாய்மொழியாகக் கேட்டால், பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். பாக்கெட் உணவில் இருக்கும் உப்பு யார் கணக்கிலும் ஏறாது. உப்பில் இருப்பது சோடியம்; உண்ட சோடியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அதை அளப்பதே சரி.

காலையில் வரும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு 24 மணி நேரமும் வருவதெல்லாம் கேனில். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடியும். கோட்டைவிடுவது பெரும்பாலும் மலம் கழிக்கும்போதுதான், கூடவே போகும் சிறுநீரை யாரும் பிடிப்பதில்லை. ஆய்வகம் சோடியத்தை மில்லிமோல் என்ற அலகில் சொல்லும்; 17 மில்லிமோல் சோடியத்துக்கு 1 கிராம் உப்பு. 136 வந்தால் 8 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்குக் கீழ்.

ஒருமுறைச் சிறுநீரிலிருந்து சூத்திரத்தால் கணிப்பது மலிவு. ஆனால் குறைவாக உண்பவருக்குக் கூட்டியும், அதிகம் உண்பவருக்குக் குறைத்தும் காட்டும். அந்தக் கணிப்பை இரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைபடமே கோணலாகிவிடும்.