ஹோம் ஃபோல்டரைத் தேடி அலைந்த கதை

லினக்ஸுக்காக சி மொழியில் நான் எழுதிய சின்னக் குறிப்பேட்டு மென்பொருள் ஒன்று உண்டு. டெர்மினலில் ஓடுவது, இரண்டாயிரம் வரிகூட இராது. விண்டோஸுக்கும் கொண்டுபோகலாம், ஒரு வார இறுதி போதும் என்று உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது ஒரே ஒரு வரியில்: செட்டிங்ஸையும் குறிப்புகளையும் எங்கே வைப்பது?

லினக்ஸில் ‘ஹோம்’ என்ற சூழல் மாறியை (இயங்குதளம் மென்பொருளுக்குப் பெயரிட்டுத் தரும் மதிப்பு) கேட்டால் பயனரின் ஃபோல்டர் வந்துவிடும். அதன் பின்னால் புள்ளி வைத்து ஒரு பெயரை ஒட்டினால் ஆயிற்று. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். என் லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. அண்ணன் மகனுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான். “சித்தப்பா, டவுன்லோட்ஸ்ல அடைப்புக்குறி போட்டு ‘நல்’னு ஒரு ஃபோல்டர் வந்திருக்கு. வைரஸா?”

வைரஸ் இல்லை, நான்தான். விண்டோஸ் தானாக ‘ஹோம்’ மாறியை வைப்பதில்லை. நான் சோதித்தது கிட் பேஷில், அதாவது விண்டோஸில் லினக்ஸ் பாணியில் கட்டளை தரும் ஜன்னலில். அது தன் பங்குக்கு அந்த மாறியை வைத்துக்கொள்ளும். அவன் திறந்ததோ விண்டோஸின் சாதாரண கட்டளை ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட். மாறி இல்லை, எனவே கிடைத்தது நல் பாயின்டர், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதற்கான குறி. அதை ஃபோல்டர் முகவரியாகும் எழுத்துச் சரத்தில் செருகினால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது சி மொழியின் விதி. விண்டோஸின் சி நூலகம் (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) அடைப்புக்குறியோடு ‘நல்’ என்று எழுதி வைத்தது. இல்லாத ஃபோல்டரை உருவாக்கு என்று நான் எழுதியிருந்த நிரலும் சொன்ன பேச்சைக் கேட்டு உருவாக்கிவிட்டது. தமிழில் படித்தால் நல்ல பெயர்தான்.

சரி, பழைய நிரல்களில் பார்த்த மாதிரி ‘ஹோம்டிரைவ்’, ‘ஹோம்பாத்’ என்ற விண்டோஸ் மாறிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அலுவலகக் கணினியில் பயன்படுத்திய நண்பருக்கு, அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் குறிப்புகள் காணாமல் போயின. அந்தக் கணினியில் இரண்டு மாறிகளும் அலுவலக நெட்வொர்க் டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து அந்த நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் இல்லையென்றால் டிரைவே இல்லை. அடுத்து ‘யூசர்புரொஃபைல்’. இது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பயனர் பெயரோடு சரியாகப் போய் நிற்கும். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருவர் தன் விண்டோஸ் கணக்குக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். ஃபோல்டர் பெயரும் தமிழ். என் மென்பொருளுக்கு வந்ததோ வரிசையாகக் கேள்விக்குறிகள். இங்கேதான் இரண்டு இரவு போனது. மாறியைப் படிக்கும் சி மொழியின் சாதாரண ஃபங்ஷன், விண்டோஸில் பழைய எட்டு பிட் கோட்பேஜுக்கு (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) மாற்றித்தான் தரும். பிரெஞ்சுக்காரருக்கும் ரஷ்யருக்கும் அப்படி ஒரு கோட்பேஜ் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அது கிடையவே கிடையாது, எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் மட்டும்தான். பொருந்தாத எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடுகிறது. விண்டோஸில் கோப்புப் பெயரில் கேள்விக்குறியே வரக்கூடாது என்பதால் கோப்பும் திறக்காது. தமிழில் குறிப்பெடுக்க என்று எழுதிய மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ஆகாது என்றால் எப்படி?

கடைசியில் சூழல் மாறிகளை நம்புவதையே விட்டேன். ஃபோல்டர் எங்கே என்று விண்டோஸிடமே கேட்கும் ஃபங்ஷன் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. அது யுனிகோடின் ஒரு வடிவமான யுடிஎஃப்-16இல் விடை தரும். கோப்பைத் திறப்பதையும் அதற்கேற்ற அகல எழுத்து ஃபங்ஷனுக்கு மாற்றினேன். இப்போது செட்டிங்ஸும் குறிப்புகளும், விண்டோஸில் மென்பொருள்கள் தம் தரவை வைக்கும் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரில்; தேடலை வேகமாக்கும் தற்காலிகக் கேஷ் அதன் லோக்கல் ஃபோல்டரில்.

கையோடு லினக்ஸிலும் செட்டிங்ஸுக்கென்றே உள்ள டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். பழைய கோப்பு இருந்தால் அதையே தொடர்ந்து படிக்கும். யாருடைய குறிப்பையும் கேட்காமல் நகர்த்த எனக்கு மனமில்லை. மேக்கில் ‘லைப்ரரி’க்குள் வைப்பதுதான் ஆப்பிள் சொல்லும் முறை. ஆனால் டெர்மினலில் புழங்குகிறவர் அங்கே போய்த் தேடமாட்டார், எனவே அங்கும் டாட் கான்ஃபிக்தான். பிடிக்காதவர்கள் ஃபோல்டரைத் தாங்களே சொல்லிக்கொள்ளத் தனி மாறி ஒன்றும் வைத்தேன்.

புதிய பதிப்பை அனுப்பியதும் அண்ணன் மகன் கேட்டான்: “அப்போ அந்த நல் ஃபோல்டரை அழிச்சிரட்டுமா?” பதறிப்போய் வேண்டாம் என்றேன். அவனுடைய மூன்று வாரக் குறிப்புகளும் அதற்குள்தான் இருந்தன. அதுவும் ஒரே ஃபோல்டரில் இல்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பென்டிரைவ் என்று எங்கெங்கே நின்று ஓட்டினானோ அங்கெல்லாம் ஒரு ‘நல்’. ஏழு கிடைத்தன.