பால் அறுகு வைக்கும் உரிமை

2025 ஜூலை 6

தங்கை சாமத்தியப்பட்டு, அதாவது வயதுக்கு வந்து, சில நாட்கள் ஆகின்றன. வீட்டில் முதல் தண்ணீர் வார்த்தாயிற்று. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் அன்று முதல் பேசப்படுவதெல்லாம் சடங்குக்கான மண்டபத்தையும் அழைப்பு அட்டையையும் நகையையும் பற்றித்தான். அவளுக்கு வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டவர், உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கும் அம்மம்மா ஒருவரே.

எனக்குச் சடங்கு வந்தது 2022இல். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் என்பதால், அயலவர் சிலருக்குச் சாப்பாடு கொடுத்ததோடு முடிந்தது. அந்தக் குறையையும் சேர்த்து இப்போது தீர்க்க வேண்டும் என்கிறார் பெரியம்மா. எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

2025 ஜூலை 13

அழைப்புப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கறுவாத்தோட்டத்து வைத்தியர் குடும்பத்தை முன்வரிசையில் இருத்த வேண்டுமாம்; அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். தங்கைக்கு வயது 12. பொதுச் சட்டத்தின்படி திருமண வயது 18 என்று 1995இலேயே திருத்தப்பட்டுவிட்ட நாட்டில், அவளுடைய கழுத்தையும் காதையும் பார்த்து எங்கள் வீட்டுச் சீதனத்தை மதிப்பிடப்போகும் கண்களுக்காக நாங்கள் கதிரை ஒதுக்குகிறோம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை, தாயின் சீதனம் மகள்மாருக்கே சேரவேண்டும் என்றது. பெண்ணின் கையில் காணியும் வீடும் இருப்பதை நான் மதிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் டொனேசன் என்று கேட்டு வாங்கும் காசை என்னால் மதிக்க முடியவில்லை.

2025 ஜூலை 19

இன்று பெரிய வாக்குவாதம். பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெண்ணின் தலையில் வைப்பது, அதாவது பால் அறுகு வைப்பது, தாய்மாமனின் உரிமை. மூத்தவர் முதலில் வைப்பதே எங்கள் வீட்டு முறை. பெரிய மாமா கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். சின்ன மாமா ரொறன்ரோவிலிருந்து வருகிறார், மண்டபச் செலவில் பாதியையும் தருகிறார். ஆகவே அட்டையிலும் மேடையிலும் சின்ன மாமாவே முன்னுக்கு நிற்கட்டும் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். “அவன்தானே பிள்ளை தூரத்திலயிருந்து வாறான்” என்று பெரிய மாமாவும் விட்டுக்கொடுத்தார். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சீதனம் சேர்ப்பதற்காகப் பதினாறு வயதிலேயே படிப்பை விட்டவர் அவர். இதைத் தங்கைக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இரவு நான் சொன்னேன்.

2025 ஜூலை 20

காலையில் அவள் அம்மாவிடம் நேரே போய், “பெரிய மாமா முதல்ல வைக்காட்டி நான் மேடைக்கு வரமாட்டன்” என்றாள். அம்மா அழுதார். அப்பா அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து அட்டை வேலையை நிறுத்தச் சொன்னார். பெரியம்மா எவரோடும் பேசவில்லை.

நானாக இருந்தால் மண்டபமே வேண்டாம் என்றுதான் வாதாடியிருப்பேன். அவளுக்கோ பட்டுச்சேலையும் பூச்சடையும் வேண்டும், மாமாவின் மரியாதையும் வேண்டும். இவற்றுள் ஒன்றைப் பெற இன்னொன்றை விடவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. நாளை அப்பாவும் நாங்கள் இருவரும் தட்டத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பெரிய மாமாவை முறைப்படி அழைக்கப் போகிறோம். அதில் அவருக்கு ஒரு பட்டுவேட்டியும் வைக்கச் சொன்னவர் அம்மா.